விழப்போகிற பல்தானே

காடாம்புலியூர் சாலையில் பலாப்பழக் கடைகள் வந்ததும் எங்கள் ஸ்கூட்டர் தானாகவே நின்றுவிடும். ஓட்டுகிறவர் என் கணவர் சேகர். அவருடைய சொந்த ஊர் அது. சீசன் நேரத்தில் அந்த வழியாகப் போய்விட்டுச் சுளை சாப்பிடாமல் நெய்வேலிக்குத் திரும்பினால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

அன்றும் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை. வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றுகொண்டு வந்த எங்கள் மகள் தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது.

கடைக்கார அம்மா அவருக்கு அத்தை முறை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்து, முதல் சுளையை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கிவிட்டுப் பிள்ளையிடம் நீட்டினார். நல்ல மஞ்சள். பிசின் நூல் நூலாக இழுத்தது.

வழக்கமாக என்றால் அடுத்த சுளைக்கு அதற்குள் கை நீண்டிருக்கும். எங்கள் பிள்ளை பலாச்சுளையை மென்று தின்னும் ரகம் இல்லை, விழுங்கும் ரகம். அன்று வாங்கியது, முகர்ந்தது, முன்பல்லால் ஓரத்தை லேசாகக் கொறித்தது. பிறகு என்னிடம் நீட்டியது.

"நீ சாப்டும்மா."

நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. வயிற்றைத் தடவினேன். வலிக்கவில்லை என்றது.

"என்னா சேகரு, உம்பொண்ணு பலாச்சுளைய வேணாங்குது. நம்ம ஊரு ரத்தந்தானா இது?" என்றார் அத்தை. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

பிள்ளை சத்தம் இல்லாமல் அழ ஆரம்பித்தது. ஒரு கை வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அங்கேயே வெயிலுக்கு நேராகத் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னேன். வலது பக்கம், கீழே, கடைசிப் பல். வண்டு துளைத்த முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை. தினமும் சோறு ஊட்டுகிறேன், முத்தம் கொடுக்கிறேன், அந்த வாய்க்குள் இப்படி ஒரு சுரங்கம் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை.

சேகர் குனிந்து பார்த்தார். பிறகு நிம்மதியாக நிமிர்ந்தார்.

"விழப்போற பல்லுதான வசந்தி. புடுங்கிட்டா தீந்துது."

"ஆமாம்மா, பால்பல்லுதான" என்றார் அத்தை. அடுத்த கடைக்காரரும் அதையே சொன்னார். பழம் வாங்க வந்து நின்ற ஒருவர், கேட்காமலேயே, தன் பேரனுக்கும் அப்படித்தான் பிடுங்கினோம் என்றார்.

நானும் தலையை ஆட்டியிருப்பேன். ஆனால் அந்த நேரம் என் நாக்கு என்னைக் கேட்காமல் என் தெத்துப்பல்லைத் தொட்டுவிட்டது.

மாடியில் குடியேறிய பல்

இந்தத் தொடர் தொடங்கும்போது பத்திரிகை ஆசிரியர் என்னிடம் புகைப்படம் கேட்டார். அனுப்பினேன். "கொஞ்சம் சிரித்தாற்போல் ஒன்று இருக்கிறதா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் சிரிக்கும் படங்களில் எல்லாம் வாயின் மேல் ஒரு கை இருக்கும். மாலையைச் சரிசெய்கிற மாதிரி, மூக்கைத் துடைக்கிற மாதிரி, ஏதாவது ஒரு சாக்கு.

நான் பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிக்குப் போனார்கள். வெட்டும் காலத்தில் எங்களுக்கு விளையாட்டுச் சாமானும் கரும்பு, காலைப் பலகாரமும் கரும்பு. அம்மா கழனியிலிருந்து வரும்வரை பசிக்கும். பசித்தால் ஒரு கரும்புக் கரணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படியே தூங்கியும் போவோம்.

என் பால்பற்கள் அதிகநாள் தாங்கவில்லை. மேலே ஒரு பக்கம் வலி தாங்காமல் நான் கத்தியபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கம்பவுண்டரிடம் போனார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விழப்போற பல்லுதானே" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். பக்கத்தில் லேசாகக் கறுத்திருந்த இன்னொன்றையும் சேர்த்துப் பிடுங்கினார். அதற்குத் தனியாகக் கூலி வாங்கவில்லை. அப்பா வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் வலி நிற்க வேண்டும் என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓடிய மனிதர் அவர். பல்லுக்கு என்று தனி டாக்டர் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

நிலைப்பல் முளைக்கும் காலத்தில்தான் சங்கடம் வந்தது. வரவேண்டிய பல் இடம் தேடித் தேடிப் பார்த்து, கீழே எங்கும் காலி இல்லாததால் மாடியில் குடியேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வைத்தவள் இப்போது இந்தத் தொடரைப் படித்துவிட்டு வாரா வாரம் போன் செய்கிறாள்.

பெண் பார்க்க வந்தபோது சேகர் என் அண்ணியிடம், "தெத்துப்பல்லு அழகா இருக்குது" என்றாராம். மனதாரத்தான் சொல்லியிருப்பார், மனிதருக்குப் பொய் வராது. இருந்தாலும் சின்ன வயதில் பழகிய கை, சிரிப்பு வந்தால் மேலே போகத்தான் செய்கிறது.

கடைக்கு முன்னால் நின்று நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளைக்கு இந்தக் கைப்பழக்கம் வரக்கூடாது.

எல்லா மாவட்டமும் ஒரே முடிவு

வீட்டுக்கு வந்தோம். எங்கள் டவுன்ஷிப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு பிளாக்கில் நாலு வீடு தள்ளினால் பேச்சு மாறும், குழம்பு மாறும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்து எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். யார் வீட்டில் என்ன நடந்தாலும் காபி ஆறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தெரிந்தது. மதுரைக்காரர் வீட்டிலிருந்து கிராம்பு வந்தது. நாகர்கோவில் டீச்சர் கொய்யா இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர் கொண்டுவந்தார். சேலத்து அண்ணி உப்புத் தண்ணீர் போதும் என்றார். எதிர்வீட்டுக்காரர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வந்து கதவுத் தாழ்ப்பாளை ஆராய்ந்தார். அவரை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

பிடுங்கிய பிறகு பல்லை என்ன செய்வது என்பதிலும் சண்டை. கூரை மேல் வீச வேண்டும் என்றார் ஒருவர். செடிக்குக் கீழே புதைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சாணி உருண்டைக்குள் வைத்துத்தான் வீச வேண்டும் என்று ஒரு கட்சி. குவார்ட்டர்ஸில் சாணிக்கு எங்கே போவது என்று எதிர்க்கட்சி. இவ்வளவு சண்டையிலும் பிடுங்குவது என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் திறக்கும் நேரம் எது என்பதில்கூட ஒத்துப்போகாத ஜனங்கள், பால்பல் விஷயத்தில் ஒரே குரலாக நின்றார்கள்.

ஸ்டெல்லா அக்காதான் தனித்து நின்றார். பக்கத்து வீடு. கடலூர்க்காரர். நான் ஜெனரல் ஷிப்டில் ஆபீசுக்குப் போவதால், பள்ளி விட்டதும் தர்ஷினி நேராக அவர் வீட்டுக்குத்தான் போவாள். நான் ஐந்தரைக்கு வந்து கூட்டிக்கொள்வேன்.

அக்கா பிள்ளையை மடியில் படுக்க வைத்து, மொபைல் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தார்.

"விழும்தான். நான் இல்லங்கல. அது விழுற வரைக்கும் புள்ள எதால மெல்லும்?"

டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாலஞ்சு நாளா ஏங்கிட்ட முறுக்கு வேணான்னுது. நான் கொழுப்புன்னு நெனைச்சிக்கினேன். வலி பொறுத்துக்கினு இருந்திருக்குது பாவம். பல்லு இருக்கறவன் பக்கோடா சாப்புடுவான்னு சும்மாவா சொன்னாங்க. நாளைக்கு மொதோ வேலையா டாக்டராண்ட காட்டு. ஆபீசுக்கு லீவு சொல்லு."

லீவு சொன்னேன்.

ஏறி இறங்கும் நாற்காலி

சேகருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் இருக்க வேண்டும். காலையில் கூடவே வந்தார். "நேரா புடுங்கிக்கினு வந்துடலாம்" என்று வழியில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் வந்தேன்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். தர்ஷினியை உடனே வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நாற்காலியை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். சாய்த்தார். பிள்ளை அழுகையை மறந்துவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றது. மூன்றாவது முறை மேலே போகும்போது தானாகவே வாயைத் திறந்துகொண்டது.

பார்த்து முடித்து, ஒரு எக்ஸ்ரேவும் எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"பல்லைக் காப்பாத்திடலாம். உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்கு. சுத்தம் பண்ணி அடைச்சு, மேல ஒரு மூடி போட்டுடலாம்."

"விழப்போற பல்லுதான டாக்டர்?" என்றார் சேகர். விடமாட்டார்.

"விழும் சார். எப்போ விழும்னு நெனைக்கறீங்க?"

"ஒரு வருஷம்?"

"இந்தப் பல்லு பத்து, பதினொரு வயசு வரைக்கும் இருக்கணும். முன்னாடி இருக்கற பல்லுங்கதான் இப்போ விழும். இது கடைசியா போற பல்லு."

சேகர் விழித்தார். நானும்தான். பால்பல் எல்லாம் ஒரே நேரத்தில் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓட்டை விழுந்த பல்லுக்கு அடியில், ஈறுக்குள், இன்னொரு பல் சின்ன மொட்டாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அது மறக்காது. வயிற்றில் இருந்தபோது ஸ்கேனில் பிள்ளையைப் பார்த்த மாதிரியே இருந்தது.

"கீழ இருக்கறது நிலைப்பல். அது வர்ற வரைக்கும் பால்பல்தான் அதுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கு. இப்போ பிடுங்கிட்டா, பின்னாடி புதுசா முளைக்கற பெரிய கடைவாய்ப் பல்லு மெதுவா முன்னாடி நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைச்சிடும். அப்புறம் கீழ இருக்கறது கோணலாத்தான் வரும். இல்லன்னா வர முடியாம உள்ளயே நிக்கும்."

சேகர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்க்கிறவர். அங்கே மண்ணைப் படிப்படியாக வெட்டி இறங்குவார்கள். அந்தப் படிக்கு பெஞ்ச் என்று பெயர். அவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அடிப் பெஞ்ச அவசரப்பட்டு எடுத்துட்டா, பக்கத்துல நிக்கிற மண்ணு நவுந்து வந்து மூடிக்கும் டாக்டர். அந்த மாதிரியா?"

"நான் சுரங்கம் பார்த்ததில்ல சார். ஆனா நீங்க சொல்றதுதான் இங்கயும் நடக்கும்."

"அப்ப கை வெக்கக்கூடாது" என்றார் சேகர். அவ்வளவுதான். நாள் முழுக்க நான் போராடியிருந்தாலும் மாறாத மனிதர், ஒரு பெஞ்சில் மாறிவிட்டார்.

கனவில் ஒரு லட்டு

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. டாக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"நைட் படுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவா?"

"பால் குடிப்பா டாக்டர். அப்புறம் பிரஷ் பண்ணிட்டுத்தான் படுப்பா" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கள் பிளாக்கில் இரவிலும் பல் துலக்கும் வீடுகள் குறைவு.

"அதுக்கப்புறம் எதுவும் சாப்பிடறதில்லையே?"

"இல்ல டாக்டர்."

தர்ஷினி நாற்காலியில் படுத்தபடியே சொன்னாள்: "அதுக்கப்புறம் லட்டு சாப்டுவேன்."

"லட்டா? எப்போ?"

"கனவுல."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்பா கனவுல வந்து என்னைத் தூக்கி உக்கார வெச்சு வாயில லட்டு குடுப்பாரு. ஒரு நாளு கேசரி. ஒரு நாளு சக்கரை பன்னு. நான் கண்ண மூடிக்கினே சாப்டுவேன். அப்புறம் படுத்துக்குவேன்."

டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். நான் சேகரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த பெரிய பல் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

செகண்ட் ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடியும். ஷிப்ட் பஸ் பிடித்து அவர் வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டிருப்பேன். அதிகாலையில் எழுந்து மூன்று பேருக்கும் சமைக்க வேண்டியவள் நான். அவர் கையில் ஒரு சாவி இருக்கும். வந்து, தானே சாப்பாடு போட்டுக்கொண்டு, படுத்துவிடுவார். அதற்கு இடையில் இப்படி ஒரு விநியோகம் நடப்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

வேலை நேரத்தில் டீயோடு இனிப்பு ஏதாவது கொடுக்கிற நாளில் அவர் தன் பங்கைச் சாப்பிடாமல், டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாராம். வந்ததும் அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து, வாயில் வைத்துவிடுவது. பிள்ளை மென்றது பாதி, கன்னத்தில் அடக்கியது பாதி என்று அப்படியே சாய்ந்துவிடும். சர்க்கரை விடிய விடிய அங்கேயே இருக்கும்.

"தூங்கும்போது எச்சில் குறைவா சுரக்கும். இனிப்பு கழுவிட்டுப் போகாது. ராத்திரி முழுக்கப் பல்லு அதுல ஊறிக்கிட்டே இருக்கும்" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சேகருக்கு இன்னும் உறைத்தது.

வீட்டுக்கு வந்தேன். பிள்ளையை ஸ்டெல்லா அக்காவிடம் விட்டேன். கதவைச் சாத்தினேன். என் கோபம் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பாத்திரங்கள் அன்று கொஞ்சம் சத்தமாகவே இடம் மாறின.

அவர் ஷிப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா அப்படித்தான் குடுப்பாரு வசந்தி. அவரும் மைன்ஸ்தான். அவரு கைல கிரீஸ் வாசன அடிக்கும். அந்த வாசனயோட ஒரு துண்டு மைசூர்பாகு வாயில வுழும். இன்னிக்கும் எனக்கு எங்கப்பான்னா அதான் ஞாபகம்."

"அதான் உங்க கடைவாய்ல பாதிப் பல்லு இல்ல" என்றேன்.

உண்மை அது. முறுக்கை அவர் தண்ணீரில் நனைத்துத்தான் சாப்பிடுவார். அவர் அதுவரை அந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை போலிருக்கிறது. பித்தானை ஓட்டை மாற்றிப் போட்டார்.

"நான் வர்றப்ப அது தூங்குது. நான் எழுந்துக்கறப்ப ஸ்கூலுக்குப் போயிடுது. ஒரு வாரம் முழுக்க இப்படியே போவுது. நான் வூட்டுக்கு வந்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"தெரியும்னு நெனைச்சிக்கினு இருந்தேன். அது கனவுங்குது" என்றார். சிரித்தார். கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அதைச் சொல்லவில்லை. அப்புறம் மைசூர்பாகு நியாயமாகிவிடும்.

வெள்ளிப் பல்

மூன்று தடவை போய் வந்ததில் பல் சரியானது. முதல் தடவை ஊசிக்குக் கொஞ்சம் அழுகை. இரண்டாவது தடவை, உதடு மரத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பு. மூன்றாவது தடவை மூடி போட்டார்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது.

அன்று மாலை எங்கள் பிளாக்கில் திருவிழா. பிள்ளைகள் எல்லாம் தர்ஷினியைச் சுற்றி நின்றார்கள். அவள் படியில் ஏறி நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டினாள். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களிடம் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். சேலத்து அண்ணியின் மகன் தனக்கும் வெள்ளிப் பல் வேண்டும் என்று தரையில் உருண்டு அழுதான். அவனுக்கு விழுந்த முன்பல்லே இன்னும் முழுதாக முளைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா அக்கா ஒரு காரியம் செய்தார். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, மொபைல் டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். தாய்மார்கள் பின்னால் நின்றோம்.

கறுப்புப் புள்ளி இருந்த பிள்ளைகளிடம் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்.

"ராத்திரி உங்கப்பா கனவுல வர்றாரா?"

நாகர்கோவில் டீச்சர் வீட்டில் பொரிவிளங்காய் உருண்டை வந்துகொண்டிருந்தது. மதுரைக்காரர் வீட்டில் சாக்லேட். எதிர்வீட்டு நூல்காரர் தலையணைக்கு அடியில் கடலைமிட்டாய் வைப்பவர் என்பது அன்றுதான் அவர் மனைவிக்கே தெரிந்தது. ஷிப்டுக்குப் போகும் அப்பாக்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஆம்பளைகளுக்குள் இவ்வளவு பாசம் ஒளிந்திருக்கும் என்று நாங்கள் எண்ணவில்லை. வசவும் சிரிப்புமாக அன்று சமையல் எல்லா வீட்டிலும் தாமதம்.

மறுவாரம் பல் டாக்டரின் வாசலில் எங்கள் பிளாக்கே உட்கார்ந்திருந்தது.

ஆறு மணிக்கு ஒரு அப்பா

செகண்ட் ஷிப்ட் வாரம் மறுபடி வந்தது. இனிப்பை நிறுத்தச் சொல்லியாயிற்று. அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நின்றிருந்தேன். பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், துவைக்கிற கல்லின் மேல் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் நிறைய நுரை. அவருக்குக் கண் பாதிதான் திறந்திருந்தது. படுத்து ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"அப்பா, ராத்திரி நீ கனவுல வரவே இல்ல" என்றாள் அவள்.

"நேர்ல வந்துட்டேன் இல்ல?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்து, அவர் சாய்ந்துகொள்ளக் கொஞ்சம் இடம் விட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. டிபன் பாக்ஸில் வரும் இனிப்பு காலைச் சாப்பாட்டோடு தட்டில் வரும். அப்பா பாதி, மகள் பாதி. சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பாள். இரவு பிரஷ் என் பொறுப்பு. பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் கூடாது. அவளாகத் தேய்த்துக்கொண்ட பிறகு என் மடியில் படுக்க வைத்துக் கடைவாயை நான் ஒரு முறை தேய்த்துவிடுவேன். எட்டு வயது வரை செய்தேன். அதற்குப் பிறகு, "நான் என்ன பாப்பாவா?" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது சேகர் வாசலில் நின்று என்னிடம் ஹேண்டோவர் கொடுக்க ஆரம்பித்தார். "காலைல ரெண்டு பக்கமும் தேச்சாச்சி. கொப்பளிச்சாச்சி. மூடி நல்லாக்கீது." சுரங்கத்தில் அடுத்த ஷிப்ட்காரரிடம் கன்வேயர் பெல்ட்டை ஒப்படைக்கிற அதே குரல். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன்.

நடுவில் ஒரு தீபாவளிக்கு அதிரசம் கடித்ததில் மூடி லேசாக ஆடியது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டாசைக் கீழே போட்டுவிட்டு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று ஊரெல்லாம் போன் செய்தார். டாக்டர் மறுநாள் வந்து, ஒட்டிக் கொடுத்தார்.

தானாக

தர்ஷினிக்கு இப்போது பதினொரு வயது. சில வாரங்களுக்கு முன்னால் வெள்ளிப் பல் ஆட ஆரம்பித்தது.

பிடுங்கலாமா என்று நான் கேட்டேன். சேகர் என்னை முறைத்தார். யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. அவளும் நாக்கால் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டே பள்ளிக்குப் போனாள், வந்தாள்.

ஒரு சனிக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெல்லுவதை நிறுத்தினாள். உள்ளங்கையில் துப்பினாள். இட்லித் துணுக்கோடு மூடியும் பல்லும் சேர்ந்து கிடந்தன. வலி இல்லை. ரத்தம் ஒரு சொட்டு.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பல் இருந்த இடத்தில், ஈறைக் கிழித்துக்கொண்டு, அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. நேராக. நட்ட நடுவில். அன்றைக்கு எக்ஸ்ரேயில் மொட்டாக உட்கார்ந்திருந்தது அதுதான்.

எனக்கு அழுகை வந்தது. "விழுந்ததுக்கு எதுக்கும்மா அழுவுற?" என்றாள் அவள்.

அன்று அவருக்குப் பர்ஸ்ட் ஷிப்ட். மதியம் ஷிப்ட் பஸ் திருப்பத்தில் வரும்போதே அவள் ரோட்டில் நின்றாள். அவர் இறங்கியதும் வாயைத் திறந்தாள். அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. அப்படியே குனிந்து, வெயிலில், ரொம்ப நேரம் பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். டிரைவரும் வண்டியை எடுக்கவில்லை.

"எடம் அப்படியே இருக்குது" என்றார்.

பல்லைக் கழுவி அலமாரியில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை காணவில்லை. வீடெல்லாம் தேடினேன்.

சாயங்காலம் மதுரைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். சேகர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாராம். காலை பஸ்ஸில் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட் வரை அது கைமாறி, எல்லோரும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

"என்னப்பா இது, வெள்ளியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எம்பொண்ணு பல்லு" என்றாராம் சேகர். "முந்தாநாளு வுழுந்துது. யாரும் புடுங்கல. தானா வுழுந்துது."